எழுபத்தெட்டாம் பாகையில் ஒரு கைக்கடிகாரம்

சித்திரை முதல் நாள் எங்கள் கரிசல் கிராமங்களில் பொன்னேர் பூட்டுவார்கள். விதைப்பு என்னவோ ஐப்பசி மழையை நம்பித்தான். ஆனாலும் ஆண்டின் முதல் உழவை அன்று காலை வெயில் ஏறுவதற்குள் உழுதுவிட வேண்டும் என்பது வழக்கம். மாட்டுக்குச் சந்தனம், ஏருக்குப் பூ. இப்போது மாடுகளுக்குப் பின்னால் டிராக்டர்களும் வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கும் பூ உண்டு. ஒரு சித்திரையில், பழைய மாணவன் ஒருவன் அழைத்ததன் பேரில், கோவில்பட்டியின் எல்லையை ஒட்டிய அவனது ஊருக்குப் போயிருந்தேன். என்னிடம் இரண்டாண்டுகள் பகுதி ஒன்று தமிழ் படித்தவன். பட்டம் முடித்ததும் வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். அதற்காக அவன் தந்தை புஞ்சையில் ஒரு பகுதியை விற்றார் என்பது ஊரறிந்த செய்தி. மிஞ்சியிருந்த புஞ்சையில்தான் அன்று பொன்னேர்.

உழவு முடிந்து எல்லோரும் பானக்காரம் குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் மணிக்கட்டில் இருந்த பருத்த வட்டக் கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினான். கார்மின் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் விமானிகளுக்கென்று வெளியிட்ட டி2 வகை. உடன் பயின்ற ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தான். எப்படி இயக்குவது என்று கேட்டேன்.

"முதல்ல இதுக்கு வானத்தைக் காட்டணும் சார். மரத்தடியில நின்னா ஒண்ணும் சொல்லாது."

வேப்பமர நிழலை விட்டு உழுத மண்ணுக்கு வந்து நின்றோம். கடிகாரம் உடனே பேசவில்லை. நெடுந்தொலைவு கடந்து வந்து, பல நாள் அணைந்து கிடந்த கருவி அது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பொதுப் பட்டியல் முழுவதையும் வானிலிருந்து வாங்கிக்கொள்ளப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அவ்வளவும் வருவதற்கு முன்பே பெரும்பாலும் இடத்தைச் சொல்லிவிடும் என்றான். அப்படியும் சில நிமிடங்கள் சும்மா நிற்க வேண்டியிருந்தது. 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற கேள்விக்கு இந்த மண்ணில் யார் யார் எப்படியெல்லாம் விடை தேடினார்கள் என்ற யோசனை அந்த நிமிடங்களில்தான் தொடங்கியது.

கரிசல் நிலம் அடையாளங்களில் ஏழ்மையானது. கிழக்கே குருமலை, மேற்கே கழுகுமலை, அதற்கப்பால் மங்கலாகத் தெரியும் தொடர்ச்சி மலை. இடையில் கறுப்புத் தரை. இங்கு தூரத்தைக் 'கூப்பிடு தூரம்' என்றார்கள். அதாவது குரலால் அளந்தார்கள். அதைவிட நீண்ட வழியை 'நாழிகை வழி' என்றார்கள். ஒரு நாழிகை நேரத்தில், இன்றைய கணக்கில் 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தூரம் அது. இடத்தைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதல்ல என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று. இரவில் ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்து வண்டி கட்டியவர்களின் பேரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நாழிகை வழி என்ற சொல்லில் இருக்கும் உறவே உலகளாவிய கடற்பயணத்தின் தலைவலியாகவும் இருந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே இரண்டு ஊர்களின் உச்சிப்பொழுதுகளுக்கு இடையிலுள்ள நேர வேறுபாடு தெரிந்தால் அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்துவிடும். கோவில்பட்டி ஏறத்தாழ 77 பாகை 52 கலையில் இருக்கிறது. இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் கோடு 82 பாகை 30 கலை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நேரக் கணக்கில் பதினெட்டரை நிமிடம். நம் கணக்கில் முக்கால் நாழிகைக்குக் கொஞ்சம் மேல். கோவில்பட்டிக்காரர் எவரும் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது தம் தலைக்கு மேல் சூரியனைக் காண்பதில்லை. சராசரியாக 12.18க்குத்தான் இங்கு உச்சி. நவம்பர் தொடக்கத்தில் அது 12.02 வரை முன்வரும், பிப்ரவரி நடுவில் 12.33 வரை பின்தள்ளும். சிக்கல் என்னவென்றால், தொலைவிலுள்ள ஓர் ஊரின் நேரத்தைத் தவறாமல் சுமந்துவரும் கடிகாரம் வேண்டும். ஜான் ஹாரிசன் அதற்காகத் தன் வாழ்நாளைச் செலவிட்டார். 1761இல் கடலேறிய அவரது நான்காவது கருவி பெரியதொரு பைக் கடிகாரத்தின் வடிவில் இருந்தது.

நிலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் படையோடு வந்தார்கள். 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டினத்துப் போரின்போது ஜெனரல் பேர்டின் படை ஓர் இரவில் திசை தவறித் திப்புவின் பாளையத்தை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. விண்மீன்களைப் பார்த்து அதை உணர்த்தியவர் வில்லியம் லாம்டன் என்று சொல்லப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு எதையும் நான் கற்பிக்கவில்லை. ஆனால் பாளையங்களை அடக்கி முடித்த கும்பினிக்கு, அடக்கிய நிலம் எவ்வளவு, எங்கிருந்து எங்குவரை என்று தெரியவேண்டியிருந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலையின் அடிவாரத்தில் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சங்கிலியின் கதை சுவையானது. சீனப் பேரரசருக்குப் பரிசாக எடுத்துச் செல்லப்பட்டு, அங்கு வேண்டாமென்று திருப்பப்பட்டு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது.

பின்னர் அவருடைய முக்கோணங்கள் எழுபத்தெட்டாம் பாகையை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டன. அந்தக் கோடு நம் கரிசலின் நடுவே செல்கிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் அதைக் கடக்கலாம்; எட்டயபுரம் ஏறத்தாழ அதன் மேலேயே இருக்கிறது. குமரிமுனையின் அருகிலிருந்து இமயம்வரை, பூமியின் வளைவையே அளந்த அந்தப் பெருங்கோட்டின் தென்பகுதியைச் சரிபார்க்கப் பாளையங்கோட்டைக்கு அருகே இன்னொரு அடிக்கோடு அளக்கப்பட்டது. சமவெளியில் குன்று கிடைக்காத இடங்களில் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு தம் கையாலேயே அதைத் தட்டி நிமிர்த்தினார். கருவி கெட்டால் இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்காத இந்தக் குணத்தின்மீது எனக்கு மரியாதை உண்டு. கொடி பிடித்துக் குன்றில் நின்றவர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் இல்லை.

இவ்வளவு துல்லியமாக அளந்தவர்களும் ஓரிடத்தில் வழுக்கினார்கள். முக்கோணங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தைச் சொல்லுமே தவிர, முதல் இடத்தைச் சொல்லாது. அந்த முதல் இடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம். அங்குள்ள கருங்கல் தூணிலிருந்து இந்திய வரைபடத்தின் தீர்க்கரேகைகள் கணக்கிடப்பட்டன. வானாய்வகத்தின் தீர்க்கரேகையையோ வியாழனின் நிலவுகள் மறையும் நேரம் போன்ற நிகழ்வுகளைக் கொண்டுதான் கண்டறிய முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது பழைய மதிப்பில் 2 கலை 27 விகலை பிழை இருப்பது உறுதியாயிற்று. தரையில் அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். வரைபடத்தில் ஊர்கள் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் இருந்தன. ஆனால் அத்தனை ஊர்களும் சேர்ந்தே கிழக்கே நகர்ந்திருந்தன. பிழை நிலத்தை அளந்ததில் இல்லை, நேரத்தை அறிந்ததில் இருந்தது.

ரயில் வந்த கதையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1876இல் மதுரை-தூத்துக்குடிப் பாதை திறக்கப்பட்டு, கோவில்பட்டியும் ஒரு நிலையமாயிற்று. ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அது கோவில்பட்டிச் சூரியனைவிட ஒன்பதரை நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொதுநேரம் வந்தது, இடைவெளி இரட்டிப்பாயிற்று. அன்றிலிருந்து நம் உச்சிப்பொழுதும் நம் கடிகாரமும் வேறு வேறு ஊர்களில் இருக்கின்றன.

வானூர்தி ஓட்டியவனுக்குக் கைக்கடிகாரம் அலங்காரம் அல்ல. இரு கைகளும் விசைகளைப் பிடித்திருக்கையில் சட்டைப்பையைத் துழாவ முடியாது என்று பிரேசில் நாட்டு சாந்தோஸ் துமோன் குறைப்பட்டதால், 1904இல் கார்த்தியே அவருக்கொரு மணிக்கட்டுக் கடிகாரம் செய்துகொடுத்தார். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த லிண்ட்பெர்க், பிறகு வீம்ஸ் என்ற கடற்படை ஆசிரியரிடம் விண்மீன் வழிகாட்டல் கற்று, சூரியனின் கோணத்தைக் கடிகார முகத்திலேயே படிக்கும் வடிவம் ஒன்றை வகுத்தார். லாஞ்சின் நிறுவனம் 1931இல் அதைச் செய்தது. ஹாரிசனின் கணக்கு மணிக்கட்டுக்கு வந்துசேர்ந்தது என்று இதைச் சொல்லலாம். நம் பக்கத்தில் 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார்; அதை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். திசைகாட்டியும் கடிகாரமும் கீழே தெரியும் தண்டவாளமுமே அக்கால விமானிகளின் வழித்துணை. இந்த வேகத்தில், இந்தத் திசையில், இத்தனை நிமிடம். ஆகவே இப்போது இங்கே. இதுவும் நாழிகை வழிதான். கயத்தாற்றுக்கு அருகே இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. இன்று அப்பகுதி காற்றாலைகளின் நிலம்.

கடிகாரம் அதிர்ந்தது. இடம் கிடைத்துவிட்டது. எண்கள் தோன்றின.

அந்த எண்கள் வரும் வழியும் நேரம்தான் என்று அவன் விளக்கியபோது, மேலே சொன்ன வரலாறெல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல் இருந்தது. தரையிலிருந்து 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் 'என் கடிகாரத்தில் இப்போது மணி இது. நான் இருக்கும் இடம் இது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அச்செய்தி வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. மூன்று கோள்கள் இடத்துக்கு. நான்காவது, நம் மணிக்கட்டிலிருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைக் கண்டறிய. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தரையில் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைனின் கணக்குப்படி, மேலேயுள்ள கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு அப்படிப்பட்ட 38 பங்குகள் விரைந்து ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பதினொரு கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும்.

இதுவும் படைக்கென்று பிறந்ததே. முதல் கோள் 1978 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்துக்காக ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1ஆம் நாள் கொரிய விமானம் ஒன்று வழி விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் இறந்தார்கள். அதன் வழிகாட்டுக் கருவி பழுதாகவில்லை. அந்தக் கருவியின் சொற்படி நடக்கும் நிலையில் தானியங்கி இல்லை, பழைய திசையையே பிடித்துச் சென்றது, விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. அதன் பின்னரே, இந்த ஏற்பாடு முழுமையடையும்போது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. வேண்டுமென்றே கலந்து அனுப்பிய பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தினார்கள். இந்த மணிக்கட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவை.

அவன் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். நேரத்தை உலகப் பொதுநேரத்துக்கு மாற்றினான். விமானிகளின் குறிப்புகளெல்லாம் அதில்தான், நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். கோள்களின் நேரத்துக்கும் உலகப் பொதுநேரத்துக்கும் 2017 முதல் 18 நொடி வேறுபாடு இருக்கிறது. அந்தத் திருத்தமும் வானிலிருந்தே வரவேண்டும் என்பதால் முதல் சில நிமிடம் நொடிமுள்ளை நம்பக்கூடாது என்றான். அடுத்து உயரம். கருவி காற்றழுத்தத்தைக் கொண்டும் உயரத்தைச் சொல்லும். ஆனால் அன்றைய கடல்மட்ட அழுத்தத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. உண்மையான அழுத்தம் நாம் கொடுத்த எண்ணைவிட ஐந்து குறைவாக இருந்தால், 350 அடி உயரத்திலுள்ள கோவில்பட்டி மண்ணில் நின்றுகொண்டிருக்கும்போதே 490 அடி என்று காட்டும். தரை நினைத்ததைவிட 140 அடி அருகில் இருக்கிறது என்று பொருள். பிறகு 'அருகிலுள்ள விமான நிலையம்' என்ற பொத்தான்: தெற்கே வாகைக்குளம், 30 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு, வடக்கே மதுரை, 40க்குச் சற்று மேல்.

கடைசியாக ஒன்றைத் திருத்தும்போது அவன் குரல் மாறியது. எண்களை எழுதும் முறை. பாகையைப் பதின்மமாக எழுதலாம், அல்லது பாகை-கலை என்று எழுதலாம். கருவி இரண்டையும் ஏற்கும். எதில் வைத்திருக்கிறோம் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

தனியாகப் போன முதல் நீண்ட பயணத்தில், தாளில் பாகை-கலையாக எழுதியிருந்த திருப்பு புள்ளியைப் பதின்ம நிலையில் இருந்த கடிகாரத்தில் அப்படியே பதித்துவிட்டான். அம்புக்குறி ஓர் இடத்தைக் காட்டியது. அவன் அதன்பின் போனான். வெக்கை மூட்டத்தில் தரை சரியாகத் தெரியவில்லை. இடப்பக்கம் வரவேண்டிய ஆறு வரவே இல்லை. எரிபொருள் முள்ளைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பிறகு அம்புக்குறியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கிளம்பிய நேரம், வேகம், திசை என்று தாளில் கணக்குப் போட்டு, எதிர்த்திசையில் திரும்பி, ஒரு ரயில் பாதையைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினான். அவனைப் பத்து நாள் பறக்கவிடவில்லை. மறுபடி பறக்க வேண்டியிருந்த மணிநேரங்களுக்கான பணத்தை அவன் தந்தையிடம் கேட்க வேண்டியிருந்தது. காரணத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றான். அவர் பத்தடி தள்ளி டிராக்டர்க்காரருக்குக் கூலி எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊரையே பாருங்க சார்" என்று தரையில் குச்சியால் எழுதினான். 77 பாகை 52 கலை. அதை 77.52 என்று பதித்தால் நாற்பது கிலோமீட்டர் மேற்கே போய்விடும். கோவில்பட்டி கிட்டத்தட்டச் சங்கரன்கோவிலாகிவிடும். சரியான எண் 77.87.

ஆங்கிலத்தில் மணியின் அறுபதில் ஒரு பங்குக்கும் பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் ஒரே சொல்தான். நம் பஞ்சாங்கக்காரர்கள் கோணத்துக்குக் கலை, விகலை என்று தனிச் சொற்களை வைத்திருந்தார்கள். தமிழாசிரியனுக்கு இதில் ஒரு சிறு பெருமிதம் எழத்தான் செய்தது. ஆனால் அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொல் இருந்தும் நாம் அதைப் புழக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லையே.

இடத்தைப் பற்றி இன்னொன்று. இந்தத் தென்கோடியை ஒட்டிப் பூமியின் காந்த நடுக்கோடு செல்கிறது. இங்கே காந்த ஊசி மேலும் சாயாது, கீழும் சாயாது. தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது இதனால்தான். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதனால்தான். சூரியன் மறைந்தபின், குறிப்பாகப் பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், இக்கோட்டின் மேலுள்ள அயனி மண்டலம் கொந்தளித்துக் கோள்களின் சமிக்ஞையை விண்மீன்போல் மினுங்கச் செய்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் நம்பகமாக இருக்கும் கருவி நம் தலைக்கு மேல் சில இரவுகளில் தடுமாறும். இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் ஏற்பாடு எதிர்கொண்ட பெரிய சிக்கலும் இந்த அயனி மண்டலமே. 2013 டிசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் அது படிப்படியாகச் சான்று பெற்றது. எழுபத்தெட்டாம் பாகையில் லாம்டனுக்குக் குன்றுகள் கிடைக்கவில்லை. இவர்களுக்கு மேலே அமைதியான வானம் கிடைக்கவில்லை.

பதினொன்றரை மணி ஆகியிருந்தது. சித்திரை முதல் நாளை ஒட்டிக் கோவில்பட்டியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. ஹாரிசனும் லாம்டனும் இல்லாமல் நாமே ஒருமுறை பார்த்துவிடலாமே என்றேன். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பு ஒன்றை உழாத ஓரத்தில் நட்டான். கல்லைக் கயிற்றில் கட்டித் தூக்குக்குண்டாக்கி நேர் பார்த்தோம். நிழல் மேற்கிலிருந்து சுருங்கிச் சுருங்கிக் கம்பின் அடிக்குள் போயிற்று. கிழக்கே தலைநீட்டுவதற்கு முன் அது முற்றிலும் மறைந்ததாக எங்கள் இருவருக்கும் பட்ட கணத்தைக் கடிகாரத்தில் குறித்தான். அன்றைய சூரியனுக்குரிய சில நொடித் திருத்தத்தைக் கழித்தபின் 12 மணி 20 நிமிடம். இருபதை நான்கால் வகுத்தால் ஐந்து பாகை. எண்பத்திரண்டரையில் ஐந்து போக, எழுபத்தேழரை.

அவன் கணக்கை இரண்டுமுறை பார்த்துவிட்டுச் சிரித்தான். கம்பின் தலை மேற்கே ஆறேழு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் போதும், இந்தப் பிழை வந்துவிடும். கம்பும் எங்களைச் சங்கரன்கோவிலுக்கே அனுப்பியிருந்தது.

என்ன சிரிப்பு என்று கேட்டுக்கொண்டே அவன் தந்தை வந்தார். அவன் கம்பைக் காட்டிச் சொன்னான். பிறகு, சற்று நிறுத்தி, அந்த ஆற்றின் கதையையும் சொன்னான். அவர் முழுவதையும் கேட்டார். கம்பைப் பிடுங்கி மண்ணைத் தட்டினார்.

"சங்கரன்கோவிலா? ஆடித்தபசுக்கு இன்னும் நாள் கெடக்கே. வாங்க சார், சாப்பிடலாம்" என்றார்.